அடுக்களைப் புகையும் அளவை நூலும்

திருத்தணியிலிருந்து நகரி, புத்தூர் கடந்து வடமாலபேட்டை வழியே திருப்பதிக்குச் செல்லும் சாலையில், இருபுறமும் குன்றுகள் தொடர்ந்து வருவதைக் காணலாம். கோடையில் அக்குன்றுகளின் சரிவில் எங்கேனும் ஒரு கோடு போலப் புகை எழுமாயின், வழிச்செல்வோர், 'மலையிலே தீப்பற்றியிருக்கிறது' என்று கூறிவிட்டு அப்பாற் செல்வர். தீயை அவர்கள் கண்டாரல்லர், கண்டது புகையே. காணாத ஒன்றை உண்டு என்று துணிந்து கூறும் இவ்வுரிமையை அவர்களுக்கு அளித்தது எது? கிரேக்க நாட்டு மெய்ப்பொருளறிஞர்களும், இச்சாலைக்குத் தெற்கே உள்ள காஞ்சி மாநகரத்து ஆசிரியர்களும் இவ்வொரு கேள்வியை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். அவ்விரு சாராரும் கண்ட முடிபுகள் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே இப்பேச்சின் பொருள்.

வடமாலபேட்டையும் காஞ்சியும் பண்டு தொண்டை மண்டலம் என்ற ஒரே நிலப்பகுதியினுள் அடங்கியவை. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூரும் வடமாலபேட்டையும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு அண்மைக் காலத்தது. வேங்கட மலையின் அடிவாரத்தில் இன்று தொழில் நாடி வந்து குடியமர்ந்துள்ள தமிழர், காஞ்சியின் கல்வி வரலாற்றை அயலூர்க் கதையாகக் கேட்க வேண்டுவதில்லை.

முதற்கண் கிரேக்கரைக் காண்போம். உலகின் மூலப்பொருள் நீரா, நெருப்பா, அணுவா என்று கேட்டவர்கள் அவர்களுள் மிக முற்பட்டவர்கள். பின்னர் வந்த சாக்ரடீஸ், அக்கேள்வியை விடுத்து, 'நீ அறிந்ததாகக் கூறுவதை எங்ஙனம் அறிந்தாய்?' என்று ஏதென்ஸ் நகரத் தெருக்களில் கேட்கத் தொடங்கினார். எதிரில் நிற்பவன் தானே ஒப்புக்கொண்ட கூற்றுகளைக் கொண்டே அவனுடைய முடிபை அவர் சோதிப்பார். அவன் ஒப்பாத எதனையும் சான்றாகக் கொள்ளார். இத்தகைய வினாக்களால் நேர்ந்த பகை, கி.மு. 399-இல் அவர் உயிரையே கொண்டது. அவருடைய மாணவர் பிளேட்டோ. பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில். தெருவில் நிகழ்ந்த வினாவிடையை இலக்கணமாக வகுத்துத் தந்தவர் அரிஸ்டாட்டிலே.

அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று நம் பொருளுக்கு மிகவும் வேண்டப்படுவது. விண்மீன்கள் மின்னுகின்றன, கோள்கள் மின்னுவதில்லை. 'மின்னாத ஒளிப்பொருள் அண்மையில் உள்ளது, கோள்கள் மின்னுவதில்லை, ஆகவே கோள்கள் அண்மையில் உள்ளன' என்று ஒருவன் வாதிக்கலாம். அவ்வாதம் உண்மையைத் தருகின்றது. ஆயினும் அரிஸ்டாட்டில் அதனை இரண்டாந்தரமாகவே வைக்கின்றார். கோள்கள் அண்மையில் இருப்பதற்கு மின்னாமை காரணமன்று. மின்னாமைக்கு அண்மையே காரணம். ஆதலின், 'கோள்கள் அண்மையில் உள்ளன. அண்மையில் உள்ளவை மின்னா. ஆகவே கோள்கள் மின்னா' என்று காரணத்திலிருந்து காரியத்துக்கு இறங்கி வரும் வாதமே முழு அறிவு என்பார் அவர். முன்னது, 'இஃது இப்படி' என்ற அளவில் நிற்பது; பின்னது, 'இஃது ஏன் இப்படி' என்று விளக்குவது. இவ்வேற்றுமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். காஞ்சியில் இதே தராசு வேறு பக்கம் சாய்வதைப் பின்னர்க் காண்போம்.

இனித் தமிழுக்கு வருவோம். மணிமேகலை என்னும் காப்பியத்தைத் துறவின் கதை என்றும், அமுதசுரபியின் கதை என்றும் நாம் கேட்டிருக்கிறோம். அதன் 27-ஆம் காதையும் 29-ஆம் காதையும் பலராலும் புரட்டிவிடப்படுபவை. கதைச்சுவை நாடுவோர்க்கு அவை வறண்ட பாலை போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் தமிழ்மொழி ஒரு முழு அளவை நூலைத் தன்னுள் தாங்கிய இடம் அதுவே.

சமயங்களின் கொள்கைகளைக் கேட்டறிய மணிமேகலை வஞ்சி மாநகர் செல்கின்றாள். இளமையும் வளையணிந்த கையும் உடைய பெண்ணொருத்திக்கு எவரும் மெய்ப்பொருளை எடுத்துரையார் என்பதை முன்னரே தெய்வம் அவளுக்கு உணர்த்தி, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் தந்திருந்தது. ஆகவே அவள் ஆண் துறவியின் வடிவிலேயே அவ்வவையுள் புகுகின்றாள். பிளேட்டோவின் கழகத்திலும் ஆக்சியோதியா என்ற பெண் ஆடவர் உடை தரித்துப் பாடங் கேட்டாள் என்று டயோஜெனிஸ் லாயர்ட்டியஸ் எழுதி வைத்துள்ளார். அறிவுக்கூடத்தின் வாயிலில் இரு நாட்டாரும் ஒரே காவலை நிறுத்தியிருந்தனர் போலும்!

வஞ்சியில் அவள் முதலிற் சந்திப்பவன் அளவைவாதி. அறிவதற்குரிய வாயில்கள் எத்தனை என்று தொடங்குகின்றான். வியாசர் கூறியவை பத்து, கிருதகோடி கூறியவை எட்டு, சைமினி கூறியவை ஆறு என்று கணக்கிட்டு, காண்டல், கருதல், உவமை, ஆகமம் என ஒவ்வொன்றாக விளக்குகின்றான். கருதல் என்பது நாம் அனுமானம் என்று வழங்குவது. அதற்கு அவன் காட்டும் எடுத்துக்காட்டுகள் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. காட்டிலும் வயலிலும் வாழ்ந்தவர் கண்டவை. காட்டில் யானையின் ஒலி கேட்டு யானை உண்டென்று கொள்வது ஒன்று. ஆற்றில் வெள்ளம் வரக் கண்டு மேலே மழை பெய்தது என்று உணர்வது ஒன்று. சூல்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்று கூறுவது ஒன்று. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு இவற்றுள் எதையும் விளக்க வேண்டியதில்லை.

தொடர்ந்து சைவவாதி முதலாகப் பலர் தம் கொள்கையை உரைக்கின்றனர். அவருள் ஆசீவகன் கூறும் அணுக் கொள்கை, கிரேக்கப் பேரறிஞர் டெமாக்ரிடசை நினைவூட்டாமல் இராது. அணுக்கள் புதிதாகத் தோன்றுவதில்லை, அழிவதில்லை, பிளவுபடுவதில்லை. கூடியும் பிரிந்தும் மலை முதலிய பொருள்களாகின்றன. தனியணுவை நாம் காணாதது ஏன்? மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரிவதில்லை, திரண்ட கூந்தல் தெரிகின்றது, அதுபோல என்கின்றான். டெமாக்ரிடசும் அணுவின் சிறுமையே அதனைக் காணாமைக்குக் காரணம் என்றவர். ஆனால் ஆசீவகன் நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கோடு உயிரையும் ஓர் அணுவாக எண்ணிக்கொள்கின்றான். கிரேக்கரிடம் இவன் கடன்பெற்றான் என்று கொள்ள வேண்டுவதில்லை. மணிமேகலையில் யவனர் தச்சராகவே தோன்றுகின்றனர். தத்துவ ஆசிரியராக அல்லர்.

இறுதியில் வருபவன் பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தவிடத்துக் கள்ளின் வெறி பிறப்பது போல, பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கின்றது. கண்கூடாகக் காண்பதன்றி வேறு அளவை இல்லை. அனுமானம் பயனற்றது என்று அவன் முழங்குகின்றான். மற்றவர் கூற்றையெல்லாம் வாய் திறவாது கேட்டுவந்த மணிமேகலை, இங்கே நகைத்து ஒரு கேள்வி கேட்கின்றாள்: உன் தாய் தந்தையர் இவரென்று அனுமானத்தாலன்றி வேறு எவ்வாறு அறிந்தாய்?

இந்த ஒரு வினாவுக்காகவே 27-ஆம் காதையை முழுதும் படிக்கலாம். தன் பிறப்பை எவனும் கண்ணாற் கண்டதில்லை. காட்சி ஒன்றே சான்று என்பவன், தான் இன்னார் மகன் என்று சொல்லும் உரிமையையும் இழக்கின்றான். எதிரி தன் வாழ்வில் விட முடியாத ஒன்றைக் கொண்டே அவன் கோட்பாட்டை முறிக்கும் இம்முறை, சாக்ரடீசின் முறையேயன்றோ!

வஞ்சியிலிருந்து அவள் காஞ்சிக்கு வருகின்றாள். அப்போது காஞ்சி மழையின்றி வாடிக்கிடக்கின்றது. பசித்தோர் அனைவருக்கும் அமுதசுரபியால் உணவளித்த பிறகே அறவண அடிகள் அவளுக்கு அளவையைக் கற்பிக்கின்றார். காப்பியத்தின் ஆசிரியர் சாத்தனார் இவ்வரிசையைக் காரணமின்றி அமைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பசிக்கு முன் தருக்கம் நில்லாது.

அடிகளின் பாடம் கூரியது. அளவைவாதியின் பத்தும் எட்டும் ஆறும் வேண்டா, அளவைகள் இரண்டே, காட்சியும் கருத்துமே அவை. பெயர், இனம், குணம், தொழில் என்ற கற்பனைகள் கலவாத தூய சுட்டுணர்வே காட்சி. மற்றைய அளவைகள் யாவும் கருத்தினுள் அடங்கும். அக்கருத்தோ காரணம் பற்றியது, காரியம் பற்றியது, பொதுமை பற்றியது என மூவகை. இவற்றில் பிழைபடுவதும் உண்டு. பிழையாதது, தீயினால் விளையும் புகை போன்ற காரியத்தைக் கொண்டு காரணத்தை அறிவது ஒன்றே.

இவ்விடத்தில்தான் காஞ்சி அரிஸ்டாட்டிலினின்றும் பிரிகின்றது. காரணத்திலிருந்து காரியத்துக்கு இறங்குவதே உயர்ந்த அறிவு என்றார் அவர். காரணத்தை நம்பிக் காரியத்தை உறுதி கூறலாகாது என்கின்றார் இவர். முகில் திரண்டும் மழை பொய்ப்பது உண்டு. வறட்சி கண்ட காஞ்சியில் நின்று கேட்பவளுக்கு இதற்கு மேல் சான்று எதற்கு? ஆனால் ஆறு பெருகி வந்தபின், மேலே மழையே இல்லை என்று சொல்வாரில்லை. அரிஸ்டாட்டில் தேடியது விளக்கம். அறவண அடிகள் தேடியது ஐயமின்மை. இயற்கையை நிதானமாக வகைப்படுத்தும் ஆராய்ச்சியாளனுக்கு முன்னது பெரிது. எதிர்வாதிகள் சூழ்ந்த அவையில் தன் வாழ்வின் நெறியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவளுக்குப் பின்னதே பெரிது. இரண்டில் ஒன்று தாழ்ந்தது என்று நான் கருதவில்லை. ஆனால், மேலைநாட்டார்க்குத் தருக்கம், நமக்குப் பக்தி என்று பிரித்துப் பேசும் பழக்கம், இக்காதையைப் படித்தபின் நிலைக்க முடியாது.

புகையிருந்தால் தீயுண்டு என்பதை மட்டும் எப்படி நம்புவது? இரண்டையும் பலகாற் சேர்ந்து கண்டிருக்கிறோம் என்றால் போதுமா? போதாது என்கின்றார் அடிகள். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் நகைச்சுவை மிக்கவை. ஒருவன் கழுதையையும் கணிகையையும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கக் கண்டான். அதனாலேயே பின்னொரு நாள் ஒன்றைக் கண்டவுடன் மற்றதும் அங்கு உண்டென்று துணியலாமா? இஃது உடனிருத்தலின் குறை. இனி உடனில்லாமையின் குறை: கழுதையின் பிடரியில் நாய்வாலும் இல்லை, நரிவாலும் இல்லை. இரண்டும் ஒருங்கே இல்லாமையைக் கண்டதனால், வேறோரிடத்தில் நரிவாலைக் கண்டு அங்கே நாய்வாலும் உண்டென்று கருதலாமா? சேர்ந்து காண்பதும் சேர்ந்து காணாமையும் மட்டும் பற்றாதென்பதை இதைவிடத் தெளிவாக எந்த நாட்டுப் பேராசிரியரும் உரைத்துவிட முடியாது. இரண்டு பொருள்களின் எண்ணிக்கை ஒருசேர ஏறுவதைக் கண்டு, ஒன்று மற்றதால் விளைந்தது என்று முடிவுகட்டும் வழக்கம் நம் காலத்துச் செய்தித்தாள்களிலும் உண்டு. அங்கெல்லாம் அக்கழுதை நின்றுகொண்டுதான் இருக்கின்றது!

கிரேக்கரும் இதே சிக்கலில் நெடிது போராடினர். நம்மிடையே உள்ள மனிதர் அனைவரும் இறக்கக் காண்கிறோம். ஆதலின் எங்குள்ள மனிதரும் இறப்பர் என்று ஒப்புமையால் கொள்ளலாம் என்றனர் எபிகூரியர். ஒப்புமையை நம்புதல் தகாது, கற்களுள் காந்தம் ஒன்றே இரும்பை இழுக்கின்றதன்றோ, ஏனைய கற்களைக் கண்டவன் அதனை எங்ஙனம் ஊகிப்பான் என்று மறுத்தனர் ஸ்டோயிக்கர். பின்னது இல்லையேல் முன்னதும் இருக்கவே முடியாது என்று காட்டினாலன்றி அனுமானம் இல்லை என்பது அவர் கொள்கை. இவ்வாதத்தை எழுதி வைத்தவர் கி.மு. முதல் நூற்றாண்டினரான பிலோடெமஸ். மருத்துவரான செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் மற்றொரு வழி கண்டார். புகை தீயை நினைவூட்டும் குறி. இரண்டையும் சேர்த்துக் கண்ட பழக்கத்தால் ஒன்று மற்றதை நினைவுக்குக் கொணர்கின்றது. அன்றாட வாழ்வுக்கு அது போதும் என்றார். என்றும் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை ஒரு குறி வெளிப்படுத்தும் என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. அறவண அடிகள் செக்ஸ்டசினும் கண்டிப்பானவர். பழக்கம் போதாது, காரண காரியப் பிணைப்பு வேண்டும் என்பவர்.

வாதத்தின் உறுப்புகளையும் அடிகள் வகுக்கின்றார். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம்; புகையுடைமையால் என்பது ஏது; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இவற்றோடு உபநயம், நிகமனம் என்ற இரண்டையும் சேர்த்து ஐந்தென்பர் நையாயிகர். அவ்விரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று விலக்கி மூன்றாக்குகின்றார் அடிகள். அரிஸ்டாட்டிலின் வாதத்துக்கும் உறுப்புகள் மூன்றே. ஆனால் அதில் அடுக்களைக்கு இடமில்லை; பொதுவிதி ஒன்றே போதும். காஞ்சியில் பொதுவிதி தனித்து நிற்க விடப்படவில்லை. அவ்விதி மெய்ப்பட்ட ஓரிடத்தை, இருதரத்தாரும் கண்டறிந்த ஓரிடத்தைக் காட்டியே தீரவேண்டும். வாதிடுவோர் இருவரும் உண்டு வளர்ந்த அடுக்களையைவிட அதற்குத் தகுந்த இடம் ஏது?

போலி வாதங்களின் கணக்கும் இங்கே வருகின்றது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. ஒலி செவிக்குப் புலனாகாது என்பவன் காட்சியோடு முரண்படுகின்றான். என் தாய் மலடி என்பவன் தன் சொல்லோடு தானே முரண்படுகின்றான். ஒலி அழியக்கூடியது என்று சாங்கியனிடம் பௌத்தன் வாதிப்பதும் போலியே. எப்பொருளுக்கும் அழிவில்லை என்பவனிடம் அழிவு என்ற சொல்லே செல்லாது. இருவரும் ஒப்பிய நிலத்தில் நின்றே வாதம் தொடங்க வேண்டும் என்ற இவ்விதியும் சாக்ரடீஸ் கைக்கொண்டதே.

இந்தக் கணக்கு ஒரு பெரிய சர்ச்சைக்கும் வித்திட்டது. ஒன்பது, பதினான்கு, பத்து என்ற அதே எண்ணிக்கை சங்கரசுவாமி இயற்றிய நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிச் சிறுநூலிலும் உள்ளது. மணிமேகலை அந்நூலைத் தழுவியது என்றார் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியார். மணிமேகலை திங்நாகருக்கு முற்பட்டது என்று 1928-இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார். இரண்டு நூல்களில் ஒரே செய்தி இருப்பது மட்டும் எது முந்தியது என்பதைக் காட்டிவிடாது. அது கழுதையும் கணிகையும் சேர்ந்து நின்ற கதையே. ஆனால் அளவைகளை இரண்டாகக் குறைத்ததும், கற்பனை கலவாத உணர்வே காட்சி என்று வரையறுத்ததும் திங்நாகரின் முத்திரை பெற்ற கொள்கைகள். அம்முத்திரை தமிழ்க் காதையில் பதிந்திருப்பதைக் காணும்போது, சாஸ்திரியார் பக்கமே வலுவுடையதென எனக்குப் படுகின்றது. இதனால் தமிழுக்குத் தாழ்வொன்றும் இல்லை. திபெத்தியர் மரபுப்படி திங்நாகரே காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர். நாலந்தாவின் தலைமை ஆசிரியராயிருந்த தருமபாலரும் காஞ்சியிற் பிறந்தவரே. 7-ஆம் நூற்றாண்டில் பாரதம் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சி நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதுகின்றார். நாடு திரும்பிய அவர், 647-இல் அந்நியாயப்பிரவேசத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். சீனத் துறவியர் சீனத்தில் கற்ற பாடத்தைத் தமிழ் கற்றோர் தமிழிலேயே கற்க முடிந்தது என்பதன்றோ இங்குக் காணத்தக்க செய்தி!

அக்கல்வி தொடரவில்லை. பௌத்தப் பள்ளிகள் மறைந்தபின் சொற்கள் நின்றன. பொருள் சொல்வார் இல்லை. உ. வே. சாமிநாத ஐயர் மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்டபோது, தமிழ்ப் புலவர்களிடம் கேட்டுத் தெளிய வழியின்றி, கும்பகோணம் கல்லூரியில் தம்மோடு பணியாற்றிய ரங்காசாரியாரிடம் ஆங்கிலத்திலிருந்த பௌத்த நூல்களின் செய்திகளைக் கேட்டறிய வேண்டியிருந்தது. 1898-இல் அப்பதிப்பு வெளிவந்தது. பிலோடெமசின் சுவடியும் ஏறத்தாழ இத்தகைய ஊழையே கண்டது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்து, 18-ஆம் நூற்றாண்டில் ஹெர்குலேனிய நகரின் இடிபாடுகளிலிருந்து கருகிய சுருளாக வெளிவந்தது. சுருளைப் பிரிக்கவும் படிக்கவும் மேலும் பல தலைமுறைகள் உழைத்தனர்.

மணிமேகலையைப் போலவே வாதில் வல்ல மற்றொரு பெண்ணைத் தலைவியாகக் கொண்ட பௌத்தக் காப்பியம் குண்டலகேசி. அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசி, வாமன முனிவரின் உரையோடு நமக்குக் கிடைத்துள்ளது. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அதனை அச்சிற் கொணர்ந்தார். குண்டலகேசியிலோ பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட 19 செய்யுட்களே எஞ்சியுள்ளன. அவள் எதிர்வாதிகளிடம் என்ன கேட்டாள் என்பதை இன்று அவளை மறுத்தவளின் வாயிலாகவே கேட்கிறோம்.